மாட்டிய டிஸ்க் எங்கே மறைகிறது?

படிக்கவும் ஆராயவும் மைசூருக்கு வருகிற தமிழர்களுக்கு எந்தக் காலத்திலும் குறைவிருந்ததில்லை. மானசகங்கோத்ரியில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்குகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பத்தாண்டுகள் இந்த ஊரில்தான் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இன்னொரு பக்கம் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், 337 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம். கோவையிலும் நெல்லையிலும் பொறியியல் முடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலையின் முதல் மாதங்களை அங்கேதான் கழித்திருக்கிறார்கள்.

இப்படி வருகிறவர்களின் கையில் ஐந்தாறு வருடம் ஓடிய மடிக்கணினிகளை நிறையப் பார்க்கலாம். மைப்படிகளைப் படமெடுத்து வைத்திருக்கும் ஆய்வாளருக்கு இடம் போதவில்லை. பேச்சுப் பதிவுகளைச் சேர்க்கும் மொழியியல் மாணவிக்கு வேகம் போதவில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிதாக வாங்கலாம் என்றால் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதில் விலை ஏறிக் கிடக்கிறது. குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த தொழிலையே கைவிடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய இயந்திரத்தில் ஓர் எஸ்எஸ்டியைச் சேர்த்து ஓட்டுவது பலருக்கு இன்று ஆசை அல்ல, தேவை.

அந்தத் தேவையில் நியாயமும் இருக்கிறது. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் மடிக்கணினி ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் ஒரு துண்டுத் தகவலைத் தேடி எடுக்கப் பத்து மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரமே போதும். பிராசசரை மாற்ற முடியாத, ராமைக் கொஞ்சம்தான் கூட்ட முடிகிற ஒரு மடிக்கணினிக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை என்பது என் திடமான கருத்து.

சிக்கல், மாட்டிய பிறகு வருகிறது. தேவராஜ அரசு சாலைப் பக்கத்து சர்வீஸ் கடை ஒன்றில் காதில் விழுந்த பேச்சு இது:

“அண்ணா, எஸ்எஸ்டி காட்டவே மாட்டேங்குதுண்ணா. மாத்திக் கொடுத்துருங்க.”

“எதுல காட்டலைப்பா? பயாஸ்லயா, விண்டோஸ்லயா?”

பையன் விழித்தான். கடைக்காரரின் அந்த ஒரு கேள்விக்குள் பழுது பார்க்கும் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு டிஸ்க் ‘தெரிய’ வேண்டிய இடங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. முதலில் மதர்போர்டின் பயாஸில் தெரிய வேண்டும். அடுத்து, விண்டோஸையோ லினக்ஸையோ நிறுவும் திரையில் தெரிய வேண்டும். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில். கடைசியாக ‘திஸ் பிசி’யில் டி, ஈ என்று ஓர் எழுத்தோடு. எந்தப் படிவரை தெரிகிறது, எதில் மறைகிறது என்பதைப் பார்த்தாலே கோளாறு எங்கே என்பது பாதி விளங்கிவிடும். இதைக் கேட்காமல் டிஸ்க்கைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் நல்ல டிஸ்க்குகளையே திருப்பி அனுப்புகிறார்கள்.

வாங்குவதற்கு முன் நடக்கும் தவறு

பயாஸிலேயே தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் பொருத்தத்தின் மேல் விழ வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மடிக்கணினிகளில் குழப்பமே இல்லை. இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அதே அளவில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாட்டா எஸ்எஸ்டியைச் செருகினால் போதும். நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வேகம் வரும்.

குழப்பம் எம்.2 என்ற சிறு பட்டையோடு வந்தது. எம்.2 என்பது உருவத்தின் பெயர் மட்டுமே. அதே உருவத்தில் சாட்டா மொழி பேசும் எஸ்எஸ்டியும் உண்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தில் ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. முன்னது அதே 550ஐத் தாண்டாது. பின்னது, மூன்றாம் தலைமுறைத் தடம் நான்கு கிடைத்தால் 3,500 வரை போகும், நான்காம் தலைமுறையில் 7,000ஐயும் தொடும். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஸ்லாட்டுக்குப் பின்னால் மதர்போர்டு எந்த மொழிக்குக் கம்பி இழுத்திருக்கிறதோ அந்த மொழி பேசும் டிஸ்க் மட்டும்தான் தெரியும். சாட்டாவுக்கு மட்டும் இழுத்த ஸ்லாட்டில் என்விஎம்இயைச் செருகினால் ஸ்க்ரூ சரியாக இறங்கும், ஆனால் பயாஸில் எதுவும் இருக்காது. எந்த எச்சரிக்கையும் வராது. டிஸ்க் செத்துவிட்டது என்றே தோன்றும்.

வெட்டுப் பள்ளத்தைக் கவனித்தால் ஓரளவு தப்பிக்கலாம். தங்க முலாம் பூசிய பற்களின் வரிசையில் ஒரே ஒரு வெட்டு இருந்து, அதற்கு அப்பால் ஐந்து பற்கள் மட்டும் ஒதுங்கி நின்றால் அது எம் வகை, பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு பக்கமும் வெட்டு இருந்தால் பி, எம் இரண்டும் சேர்ந்த வகை. அவற்றில் மிகப் பல சாட்டா. ஆனால் இந்த இரட்டை வெட்டோடு இரண்டு தடத்தில் ஓடும் என்விஎம்இ டிஸ்க்குகளும் வந்திருக்கின்றன. அதனால் பற்களை மட்டும் நம்பாமல் லேபிளில் அச்சிட்டிருப்பதையும் படிக்க வேண்டும்.

நீளமும் ஒரு பொறி. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில லெனோவா ஐடியாபேட் மாடல்களில் இரண்டாவது ஸ்லாட் 2242 நீளத்துக்குத்தான் இடம் தரும். திங்க்பேட் டி440 காலத்து இயந்திரங்களில் சிம் கார்டு மோடத்துக்காக வைத்த ஸ்லாட்டில் 2242 சாட்டா எஸ்எஸ்டி ஓடும், என்விஎம்இ ஓடாது. வைஃபை அட்டை உட்காரும் ஸ்லாட் முற்றிலும் வேறு வெட்டுள்ளது, அங்கே முயலவே கூடாது. ஒரே பெயரில் விற்கப்பட்ட மாடலிலும் பெரிய பேட்டரி உள்ள வடிவத்தில் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கான குழியே இல்லாமல் போவது உண்டு. ஆகவே மாடல் பெயரை மட்டும் இணையத்தில் தேடி ஆர்டர் போடக் கூடாது. அடிமூடியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, மதர்போர்டில் ஸ்லாட் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்து, தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும். பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பொருந்தவில்லை என்றால் பெங்களூருவுக்கே 140 கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

என்விஎம்இயைப் பற்றி இன்னொன்று. அதன் முதல் வரையறை வெளியானது 2011 மார்ச்சில். மதர்போர்டுகளின் பயாஸ் அதிலிருந்து பூட் செய்யக் கற்றுக்கொண்டது 2014, 2015 வாக்கில்தான். அதற்கு முந்தைய இயந்திரத்தில் எப்படியோ இடம் பண்ணி மாட்டினாலும், ஓடும் விண்டோஸில் டிஸ்க் தெரியுமே தவிர அதிலிருந்து கணினி எழாது. விண்டோஸ் 8.1 முதல் என்விஎம்இ டிரைவர் உள்ளேயே வருகிறது. விண்டோஸ் 7க்கு அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

ஒரு நாடா கேபிளின் கதை

பொருத்தம் சரி, ஆனாலும் பயாஸில் இல்லை. இப்போது கை வேலையைப் பார்க்க வேண்டும்.

சாட்டா டிஸ்க் பல மடிக்கணினிகளில் நேராக மதர்போர்டில் செருகாது. நடுவே விரலகலத்தில் ஒரு நாடா கேபிள் இருக்கும். தாள் போல மெல்லியது, ஒரு முனையில் சாட்டா இணைப்பு, மறுமுனை மதர்போர்டில் ஒரு குட்டிக் கதவுக்குக் கீழே நுழையும். அந்தக் கதவை நகத்தால் நிமிர்த்த வேண்டும், கேபிளை நேராக உள்ளே தள்ள வேண்டும், பிறகு கதவை அமுக்க வேண்டும். பழைய டிஸ்க்கை அவசரமாகப் பிடுங்குகிறபோது இந்தக் கேபிள் ஒரு முடியளவு வெளியே வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. கேபிளின் மேல் குறுக்கே அச்சிட்ட கோடு கதவின் விளிம்புக்கு இணையாக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். சாய்ந்திருந்தால் அதுதான் நோய். கேபிள் மடிப்பில் வெடித்திருந்தால் டிஸ்க் சில சமயம் தெரியும், சில சமயம் மறையும். அல்லது தெரிந்தும் ஊர்ந்து ஊர்ந்து ஓடும். டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் 199ஆம் எண்ணுள்ள சிஆர்சி பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலைக்குப் புது டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு.

எஸ்எஸ்டியோடு விற்பனைக்கு வந்த மடிக்கணினியில் இரண்டரை அங்குலக் குழி காலியாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்து டிஸ்க் வாங்குகிறவர்கள், அந்தக் குழிக்கான கேபிளும் தாங்கியும் பெட்டியில் வராது என்பதைப் பிறகுதான் அறிகிறார்கள். மாடல் எண்ணைச் சொல்லித் தனியே வரவழைக்க வேண்டும்.

எம்.2 பட்டையைச் சாய்வாக நுழைத்து, பற்கள் முழுக்க உள்ளே போனதும் படுக்க வைத்து, முனையில் ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்க்ரூ தொலைந்துவிட்டது என்று டேப் ஒட்டி விடுகிறார்கள்; அடுத்த முறை பையில் தூக்கிப் போகும்போது பட்டை தூக்கிக்கொள்கிறது. இதையெல்லாம் செய்யும் முன் சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். கழற்றிய நிலையில் பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடியும். மின்சாரம் ஓடும் ஸ்லாட்டில் டிஸ்க்கைச் செருகி மதர்போர்டையே இழப்பதைவிட மோசமான நஷ்டம் இந்த வேலையில் கிடையாது.

டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிஸ்க்கைத் தாங்கும் சட்டகத்தை மாட்டுவது ஒரு காலத்தில் மிகப் பரவலாக இருந்தது, இன்றும் பழைய இயந்திரங்களில் நடக்கிறது. 9.5, 12.7 மில்லிமீட்டர் என இரு தடிமன். அந்தப் பக்கத்து சாட்டா பெரும்பாலும் பாதி வேகத்தில்தான் ஓடும். அதிலிருந்து பூட் செய்யச் சில பயாஸ்கள் மறுக்கும். எஸ்எஸ்டியை முதன்மைக் குழியிலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சட்டகத்திலும் வைப்பதே முறை. பலர் தலைகீழாக வைத்துவிட்டு வேகம் வரவில்லை என்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு தெரியவில்லை என்றால், டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு இன்னொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே தெரிந்தால் டிஸ்க் நலம், இங்கேதான் குறை. உறையும் சாட்டாவுக்கு ஒன்று, என்விஎம்இக்கு ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸ் நிறுவும்போது இல்லை

இன்றைக்கு அதிகக் குழப்பம் விளைவிப்பது இந்த நிலைதான். பென் டிரைவிலிருந்து விண்டோஸை எழுப்பி, எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரைக்கு வந்தால் பட்டியல் வெறுமையாக நிற்கும். பயாஸுக்குத் திரும்பினால் டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் கம்பீரமாக இருக்கும்.

காரணம் பெரும்பாலும் இன்டெல்லின் விஎம்டி. சர்வர்களில் நிறைய என்விஎம்இ டிஸ்க்குகளை ஒரே குடையின் கீழ் ஆளுவதற்காக வந்த ஏற்பாடு இது. 2020இல் 11ஆம் தலைமுறைப் பிராசசர்களோடு மடிக்கணினிகளுக்கும் இறங்கியது. விஎம்டி விழித்திருந்தால் டிஸ்க் தனியாக நிற்காமல் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவர் இருந்தால்தான் கண்ணில் படும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் அந்த டிரைவர் இல்லாதபோது டிஸ்க்கும் இல்லை. மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பிரித்து, பென் டிரைவில் வைத்து, அதே திரையில் ‘லோட் டிரைவர்’ என்பதைச் சொடுக்கினால் டிஸ்க் வந்து நிற்கும். இறக்கிய கோப்பைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, வரவில்லையே என்று தவிப்பது மிக வழக்கமான தடுமாற்றம்.

இன்னொரு வழி பயாஸில் விஎம்டியை அணைப்பது. ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில் அந்த விருப்பமே மறைந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலையும் எஸ் எழுத்தையும் சேர்த்து அமுக்கினால்தான் வெளியே வரும். இதைத் தெரியாமல் எத்தனை பேர் கடை கடையாக ஏறி இறங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வாங்கியவருக்குச் சொல்லாமல் ஒரு சுவிட்சை மறைத்து வைப்பது நியாயமில்லை.

புது டிஸ்க்கில் புதிதாக நிறுவுகிறவர்கள் விஎம்டியைத் தாராளமாக அணைக்கலாம். ஏற்கெனவே விஎம்டியோடு நிறுவிய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அணைத்தால் அடுத்த பூட்டில் நீலத்திரைதான். மறுபடி இயக்கினால் சரியாகிவிடும், பதற வேண்டாம். ஆனால் பயாஸைத் தொடுமுன் பார்க்க வேண்டியது பிட்லாக்கர். இப்போது வரும் விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் மறையாக்கம், உரிமையாளர் கேட்காமலே இயங்கியிருக்கக்கூடும். பயாஸ் மாறியதைக் கண்டதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று முதலில் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லாதவருக்கு அந்த டிஸ்க்கில் உள்ள எதுவும் திரும்பக் கிடைக்காது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

லினக்ஸ் நிறுவுகிறவர்களுக்கும் இதே வகைத் தொல்லை உண்டு. டெல் மடிக்கணினிகள் பலவற்றின் பயாஸில் டிஸ்க்கை ஆளும் முறை ‘ரெய்டு’ நிலையில் வருகிறது. உபுண்டு டிஸ்க்கைக் காணாமல் நிற்கும். அதை ஏஹெச்சிஐ நிலைக்கு மாற்றினால் தெரியும். விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகளை எஸ்எஸ்டியும் லினக்ஸும் சேர்ந்து இன்னும் பல வருடம் ஓட்டும். தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினிகள் 2011இல் வந்தபோதே சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கூடவே வந்தது. அன்று அதைத் தொடாமல் விட்டவர்களின் இயந்திரங்களுக்கு இன்று லினக்ஸ்தான் கை கொடுக்கும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இருக்கிறது, ‘திஸ் பிசி’யில் இல்லை

இது நோயே இல்லை. புது டிஸ்க் வெற்று நிலம். அளந்து வரப்பு போட்டால்தான் பயிரிட முடியும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, இனிஷியலைஸ் செய்யச் சொல்லி, பார்ட்டிஷன் அட்டவணையின் வகையாக ஜிபிடியைத் தேர்ந்து, கறுப்புப் பட்டையில் வலச் சொடுக்கிட்டுப் புது வால்யூம் உருவாக்கினால் எழுத்தோடு வந்துவிடும். எம்பிஆரைத் தேர்ந்தால் 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படாது. ஏற்கெனவே தகவல் இருந்த டிஸ்க்கைப் பார்த்து விண்டோஸ் ‘இனிஷியலைஸ் செய்யட்டுமா’ என்று கேட்டால் மட்டும் ஓகே சொல்லாதீர்கள். அது பார்ட்டிஷன் அட்டவணை சிதைந்ததற்கோ டிஸ்க்கே நோயுற்றதற்கோ அறிகுறி. குளோன் செய்த டிஸ்க்கைப் பழைய டிஸ்க்கோடு சேர்த்து மாட்டினால் இரண்டின் அடையாள எண்ணும் ஒன்றாக இருப்பதால் ஒன்றை விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ ஆக்கி வைக்கும். அதுவும் கோளாறு அல்ல.

இதையொட்டி ஓர் எச்சரிக்கை. புது எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். கழற்றாவிட்டால் பூட்டுக்கான சிறு பார்ட்டிஷனை விண்டோஸ் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதிலேயே எழுதிவிடும். மாதக்கணக்கில் நன்றாக ஓடும். ஒரு நாள் பழைய டிஸ்க்கை எடுத்ததும் கணினி எழாது. எஸ்எஸ்டி காணாமல் போனதாக நினைத்துக் கடைக்கு ஓடுவார்கள். டிஸ்க் அங்கேயே இருக்கும், அதை எழுப்பும் கோப்பு மட்டும் பழைய டிஸ்க்கோடு போயிருக்கும்.

டிஸ்க்கே ஒளிந்துகொள்ளும்போது

எஸ்எஸ்டி வெறும் சிப்புகளின் தொகுப்பு இல்லை. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1987இல் உலகுக்குக் காட்டிய நேண்ட் ஃபிளாஷ் நினைவகம் ஒரு பக்கம். எந்தத் தகவல் எந்த அறையில் இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் கன்ட்ரோலரும் அதற்குள் ஓடும் ஃபர்ம்வேரும் இன்னொரு பக்கம். கணக்கேடு சிதைந்தால் டிஸ்க் விசித்திரமாக நடந்துகொள்ளும். மலிவு விலை சாட்டா எஸ்எஸ்டிகள் பலவற்றில் ஃபைசன் நிறுவனத்தின் எஸ்11 கன்ட்ரோலர் இருக்கிறது. அப்படி ஒன்று கெடும்போது பயாஸில் அதன் வணிகப் பெயர் மறைந்து ‘சாட்டாஃபர்ம் எஸ்11’ என்ற பெயர் தோன்றும். அந்தப் பெயரைக் கண்டால் கேபிளோடு போராட வேண்டாம். கன்ட்ரோலர் தன் அவசர நிலைக்குப் போய்விட்டது. உள்ளே இருப்பதை வேண்டுமென்றால் மீட்பு வல்லுநரிடம்தான் போக வேண்டும். ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றி டிஸ்க்கை உயிர்ப்பிக்கலாம், ஆனால் தகவல் அழிந்துவிடும்.

பெரிய பெயர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2011இல் இன்டெல் 320 வரிசை டிஸ்க் மின்சாரம் திடீரென்று நின்ற பிறகு 8 மெகாபைட் கொள்ளளவோடு எழுந்து நின்றது. குருஷியல் எம்4, 5,184 மணி நேரம் ஓடியதும் பதில் சொல்ல மறுத்தது. 2012 தொடக்கத்தில் ஃபர்ம்வேர் திருத்தம் வந்தது. ஹெச்பிஇ 2019இல் தன் சர்வர் எஸ்எஸ்டிகள் சில 32,768 மணி நேரம் முடிந்ததும் நிரந்தரமாகச் செத்துவிடும் என்று எச்சரித்தது. 2025 ஆகஸ்டில் விண்டோஸ் 11 அப்டேட் ஒன்று எஸ்எஸ்டிகளை மறையச் செய்கிறது என்று உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. ஃபைசன் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் அந்தக் கோளாறு வரவில்லை என்றது. மைக்ரோசாப்ட்டும் தொடர்பு எதையும் காணவில்லை என்றது. இப்படிப்பட்ட வதந்தியைக் கேட்டு அப்டேட்டையே நிறுத்தி வைப்பதைவிட டிஸ்க்கின் ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் செயலி மூலம் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

உறங்கி எழும்போது மட்டும் மறையும் டிஸ்க் இன்னொரு வகை. ஆழ்ந்த மின்சிக்கன நிலைக்குப் போன என்விஎம்இ டிஸ்க் சில இயந்திரங்களில் திரும்பி வராது. முழுக்க அணைத்துப் போட்டால் வரும். பயாஸ் அப்டேட், ஃபர்ம்வேர் அப்டேட், அதுவும் உதவாவிட்டால் அந்தச் சிக்கன நிலையைக் கட்டுப்படுத்துவது என்று படிப்படியாகப் போக வேண்டும். திடீர் மின்வெட்டுக்குப் பிறகு காணாமல் போகும் சாட்டா எஸ்எஸ்டிக்கு, வேறு எதையும் செய்யச் சொல்லாமல் மின்சாரம் மட்டும் கொடுத்து இருபது முப்பது நிமிடம் விட்டுவைக்கும் வழியைக் குருஷியலே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவந்தது. அந்த நேரத்தில் கன்ட்ரோலர் தன் கணக்கேட்டைச் சரிசெய்துகொள்ளக்கூடும்.

போலிகளும் இருக்கின்றன. நம்ப முடியாத விலையில் 16 டெராபைட் என்று விற்கும் டிஸ்க் தெரியும், கொள்ளளவும் காட்டும். எழுதிய தகவல் மட்டும் இருக்காது. வாங்கியதும் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சிறு மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடியும் முன் ஓர் இரவு அதை ஓட்டிவிடுங்கள்.

இந்தக் கருவிகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேரில் ஒரு பங்கு நமக்குப் பக்கத்திலேயே எழுதப்படுகிறது. சாம்சங், சான்டிஸ்க், மைக்ரான் மூன்றுக்கும் பெங்களூருவில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். சான்டிஸ்க்கை 1988இல் நிறுவிய மூவரில் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. இன்று மைக்ரானின் தலைவர் அவர்தான். அதே 1988இல் மைசூரில் தொடங்கிய கெய்ன்ஸ் நிறுவனம் குஜராத்தின் சானந்தில் சிப்புகளை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைக்கு, நாளொன்றுக்கு 60 லட்சம் சிப் என்ற திட்டத்தோடு, 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்றது. மின்னணுப் பொருள் செய்யும் ஊர் மைசூர். இங்கே கூட ஒரு மாணவிக்குத் தன் மடிக்கணினியின் இரண்டாவது ஸ்லாட் சாட்டாவா என்விஎம்இயா என்று எளிதில் தெரிந்துகொள்ள வழியில்லை.

அதை மாற்றுவது கடினமே இல்லை. ஸ்லாட்டின் வகை, நீளம், பேசும் மொழி, கூடத் தேவைப்படும் கேபிளின் எண் ஆகிய நான்கையும் அடிமூடியின் உள்பக்கம் ஒரு வரியில் அச்சிட்டால் போதும். பிரான்ஸ் 2021 ஜனவரி முதல் மடிக்கணினிகளுக்கும் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. கையேடு கிடைக்கிறதா, எளிதில் பிரிக்க முடிகிறதா, உதிரிப் பாகம் கிடைக்கிறதா என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. இந்தியாவில் இதற்கென அமைத்த குழு 2025 மே மாதம் நுகர்வோர் துறையிடம் அறிக்கை தந்தது. நம் ஊரிலும் அந்த மதிப்பெண் வரும்போது மடிக்கணினிகள் விடுபடக் கூடாது, அந்த ஒரு வரியும் அதில் சேர வேண்டும். அதுவரை, வாங்கும் முன் அடிமூடியைத் திறந்து காட்டச் சம்மதிக்கும் கடையிலேயே எஸ்எஸ்டியை வாங்குங்கள். நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.